ஆப்ல ஒரு பேலன்ஸ், பிளாக்செயின்ல ஒரு பேலன்ஸ்: எதை நம்புறது?

"சார், காயின் அனுப்பி அரை மணி நேரம் ஆச்சு, ஆப்ல வரவே இல்ல. மறுபடியும் அனுப்பட்டுமா?" மேலப்பாளையத்துல நம்ம ஆபீஸுக்கு வர்ற பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது.

அனுப்பாதீங்க. முதல் முறை அனுப்பினது தாமதமா வந்து சேர்ந்தா, ரெண்டு தடவை அனுப்பின மாதிரி ஆயிடும். முதல்ல ட்ரான்ஸாக்‌ஷன் ஹாஷை எடுத்து எக்ஸ்ப்ளோரர்ல போட்டுப் பாருங்க (எத்தேரியத்துக்கு ஈதர்ஸ்கேன்). 'பெண்டிங்'னு இருந்தா காத்திருங்க. பிட்காயின்ல ஒரு பிளாக் வரவே சராசரியா 10 நிமிஷம் ஆகும். எக்ஸ்சேஞ்ச் இன்னும் சில பிளாக் ஏறட்டும்னு பார்க்கும். 'சக்சஸ்'னு வந்தும் ஆப்ல ஏறலைன்னா, முதல்ல அட்ரஸும் நெட்வொர்க்கும் சரியான்னு பாருங்க. சரின்னா தாமதம் எக்ஸ்சேஞ்ச் பக்கம். ஹாஷோட சப்போர்ட் டிக்கெட் போடுங்க.

எக்ஸ்ப்ளோரரும் சில நேரம் பின்தங்கும். எத்தேரியத்துல 12 நொடிக்கு ஒரு பிளாக். கடைசி பிளாக் பத்து நிமிஷம் பழசுன்னா அந்தத் தளத்தை விட்டுட்டு இன்னொண்ணைப் பாருங்க.

விலையும் இப்படித்தான். சந்தை வேகமா ஓடும்போது திரையில தெரியுற விலை பழசா இருக்கலாம். மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், லிமிட் ஆர்டர் போடுங்க. ஆட்டுச் சந்தையில ஆட்டைப் பார்க்காம போட்டோவுக்கு யாராவது காசு கொடுப்போமா?

வாசிர்எக்ஸ் விஷயம் ஞாபகம் இருக்கும். 2024 ஜூலை 18-ல் சுமார் 23 கோடி டாலர் திருடு போனது. திரையில் காட்டிய விவரமும் உண்மையில் கையெழுத்தான பரிவர்த்தனையும் வேறுவேறு என்று அந்த நிறுவனமே சொன்னது. அதுக்குப் பிறகும் சில நாள் ஆப்ல வாங்குறதும் விக்கிறதும் நடந்தது. கடைசியில், அன்று மதியம் 1 மணிக்குப் பின் நடந்த டிரேடுகளை எல்லாம் ரத்து செய்வதாக அறிவிச்சாங்க. 'எக்சிகியூட்டட்'னு பார்த்தவங்க கணக்கு பழைய நிலைக்கே போனது. 2025 அக்டோபரில், முடக்கப்பட்ட 3,532 எக்ஸ்ஆர்பி தொடர்பான வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனா வழக்குன்னு போனா உங்க கையில ஆதாரம் வேணுமே! அதனால மாசா மாசம் டிரேட் ரிப்போர்ட்டை டவுன்லோட் பண்ணி வைங்க. வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது.

ஆடிட்டரா இன்னொண்ணு. எக்ஸ்ப்ளோரர்கள் பெரும்பாலும் யூடிசி நேரம்தான் காட்டும். நம்ம நேரம் அஞ்சரை மணி முன்னாடி. அங்கே மார்ச் 31 இரவு 8 மணின்னா, இங்கே ஏப்ரல் 1 அதிகாலை 1:30. நிதியாண்டே மாறிடுது. லாபத்துக்கு 30% வரி, நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. வருஷக் கடைசியில விக்கிறதா இருந்தா மார்ச் 31 ராத்திரி வரைக்கும் இழுக்காம ரெண்டு நாள் முன்னாடியே வித்துடுங்க.