தோட்டக்கலை பேட்ஜ்: முளைக்காத விதையைக் குழந்தையிடம் மறைக்காதீங்க

அக்கா பையன் பள்ளியில் சாரணர் இயக்கத்தில் சேர்ந்திருக்கிறான். தோட்டக்கலை பேட்ஜ் வாங்க விதை போட்டு, செடி வளர்த்துக் காட்டணுமாம். "நீயே சொல்லிக்கொடு" என்று அக்கா உங்களிடம் தள்ளிவிட்டார். பெங்களூருவிலோ புனேவிலோ நொய்டாவிலோ உள்ள உங்க ஃப்ளாட்டில் தோட்டம் என்று சொல்ல இருப்பது ஒரு பால்கனிதான்.

பத்து மிளகாய் விதை போட்டீங்க. பத்து நாள் கழித்து ஐந்துதான் முளைத்திருக்கிறது. பையன் முகம் வாடிவிட்டது. 'ராத்திரி அவன் தூங்கினதும் நர்சரி நாற்று ஐந்து வாங்கி நட்டுட்டா என்ன?' என்று தோன்றுகிறதா? வேண்டாம். ஏன் என்று பார்க்கலாம்.

இந்த பேட்ஜ் எதற்கு?

1907-இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமில் தொடங்கிய சாரணர் இயக்கத்தின் அடிப்படை, செய்து கற்பது. இந்தியாவில் பாரத சாரணர் சாரணியர் இயக்கம் 1950-இல் உருவானது. அதில் சின்னப் பிள்ளைகள் குருளையராகவும் நீலப் பறவையராகவும் சேர்ந்து, சுமார் 10 வயதில் சாரணர், சாரணியர் ஆகிறார்கள். சமையல், முதலுதவி, தோட்டம் போன்ற பேட்ஜ்கள் எல்லாம் 'இதை நானே செய்தேன்' என்பதற்கான அடையாளம். நாற்றை நீங்க நட்டால் பேட்ஜ் அவன் சட்டையில் இருக்கும். அதற்கான வேலையைச் செய்தது நீங்க.

என்னென்ன செய்து காட்டணும் என்ற விவரத்தை அவனுடைய சாரண ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுக்கோங்க.

விதைக்குள் என்ன நடக்கிறது?

விதை செத்த பொருள் இல்லை, தூங்கும் செடி. தண்ணீர் பட்டதும் உறிஞ்சி உப்பும், தோல் வெடிக்கும். முதலில் வெளியே வருவது பெரும்பாலும் வேர்தான், இலை இல்லை. இலை வந்து வெயிலில் உணவு தயாரிக்கும் வரைக்கும், விதைக்குள் சேமித்து வைத்த சாப்பாட்டில்தான் அது வாழ்கிறது.

இதற்குத் தேவை மூன்று: தண்ணீர், காற்று, அளவான வெப்பம். பெரும்பாலான காய்கறி விதைகள் முளைக்க வெளிச்சம் தேவையில்லை. ஆனால், முளைத்து வெளியே வந்த பிறகு கண்டிப்பாக வேண்டும்.

இதை எப்படிப் புரியவைப்பது?

பள்ளியில் நீங்களே செய்திருக்கக்கூடிய சோதனைதான். ஒரு ஸ்கேலில் மேலே, நடுவே, கீழே என மூன்று மொச்சை விதைகளை நூலால் கட்டுங்க. உயரமான டம்ளரில் நிறுத்தி, நடு விதையைப் பாதி தொடும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்க. தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்கணும்.

சில நாளில் நடு விதை நன்றாக முளைக்கும். மேலே உள்ளதற்குக் காற்று உண்டு, தண்ணீர் இல்லை. கீழே உள்ளதற்குத் தண்ணீர் உண்டு, போதுமான காற்று இல்லை. முளை எட்டிப் பார்த்தாலும் வளராது. 'தினமும் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றாதே' என்று பத்து தடவை சொல்வதைவிட இந்த டம்ளர் நன்றாகப் புரியவைக்கும்.

இன்னொன்று: முழு உளுந்தையும் உடைத்த உளுத்தம்பருப்பையும் தனித்தனி ஈரத்துணியில் கட்டி வையுங்க. முழு உளுந்து முளைக்கும், பருப்பு முளைக்காது. 'ஏன் மாமா?' என்று அவனே கேட்பான்.

10 விதைக் கணக்கு

மண்ணில் போடுவதற்கு முன்னால், 10 விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைக்கச் சொல்லுங்க. தினமும் எத்தனை முளைத்தது என்று அவன் நோட்டில் எழுதணும். 10-இல் 8 முளைத்தால் முளைப்புத்திறன் 80 சதவீதம். விதைப் பரிசோதனைக் கூடங்களிலும் அடிப்படையில் இதே வேலைதான், அங்கே நூற்றுக்கணக்கில் எண்ணுவார்கள்.

இந்தியாவின் விதைச் சான்றுத் தரத்தின்படி தேவையான குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அதாவது, சான்று பெற்ற மிளகாய் விதையிலேயே பத்துக்கு நான்கு முளைக்காமல் போகலாம். உங்க பையனின் 10-க்கு 5 அப்படி ஒன்றும் படுதோல்வி இல்லை. இதை அவனிடம் சொல்லுங்க. அதனால்தான் விவசாயி தேவைக்கு அதிகமாக விதைக்கிறார் என்பதும் அப்போது புரியும்.

எந்த விதையில் தொடங்கலாம்?

• பச்சைப்பயறு: ஓரிரு நாளில் முளைவிடும். பொறுமை இல்லாத ஆறு வயசுக்கு இதுதான் சரி.
• வெந்தயம்: சமையலறை டப்பாவில் இருப்பதே போதும். சில நாளில் முளைக்கும், மூன்று நான்கு வாரத்தில் கீரை பறிக்கலாம்.
• கொத்தமல்லி: ஒரு உருண்டைக்குள் இரண்டு விதைகள். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி, இரண்டாகப் பிரித்து விதையுங்க. முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.
• வெண்டை: இரவு ஊறவைத்து விதைக்கலாம். குளிர் ஆகாது; டெல்லி டிசம்பரில் வெண்டை போட்டுவிட்டுக் காத்திருக்காதீங்க, வெந்தயம் போடுங்க.

விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை: கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பு, நீலம் போன்ற நிறப்பூச்சோடு இருந்தால், அது பூச்சிக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ கலந்த விதையாக இருக்கலாம். குழந்தை கையில் கொடுக்காதீங்க, முளைகட்டிச் சாப்பிடவும் கூடாது.

சரியா வரலைன்னா?

கேள்விகளை நீங்க கேளுங்க, பதிலை அவன் தேடட்டும். முளைக்காத இடத்தை மெதுவாகத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்க. விதை அழுகியிருந்தால் தண்ணீர் அதிகமாகியிருக்கலாம். காய்ந்து அப்படியே இருந்தால் ஈரம் போதவில்லை. விதையே காணோமா? எறும்போ புறாவோ எடுத்திருக்கலாம். முளைத்த செடி வெளிறி, ஒல்லியாக நீண்டால் வெளிச்சம் குறைவு. தண்டு மண் மட்டத்தில் அழுகிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். ஈரத்தைக் குறைத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து, புது மண்ணில் மறுபடி விதைக்கணும்.

அப்போ உங்க வேலை என்ன?

சனிக்கிழமை அரை மணி நேரம் கூட உட்காருங்க. வார நாளில் ஆபீஸிலிருந்து ஒரு போன்: "இன்னைக்கு எத்தனை?" அவ்வளவுதான். தண்ணீர் ஊற்ற அவன் மறந்த நாளையும் நோட்டில் எழுதச் சொல்லுங்க.

பேட்ஜுக்காகச் சோதிப்பவர், "மீதி ஐந்து விதை என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். நர்சரி நாற்று நட்டிருந்தால் அவனிடம் அதற்குப் பதில் இருக்காது. தோண்டிப் பார்த்தவன் சொல்லிவிடுவான்: "மூணு அழுகிப்போச்சு சார், நான்தான் தண்ணி அதிகமா ஊத்திட்டேன். ரெண்டு அப்படியே இருந்துச்சு. மறுபடி போட்டிருக்கேன்."