விலைப் பட்டியும் இரண்டு மென்பொருள்களும்

எங்கள் வத்தல்மலையில் காப்பிக்கு என்ன விலை என்று கேட்டால், உடனே விடை கிடைக்காது. "எந்தக் காப்பிக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். செடியிலிருந்து பறித்த பழத்திற்கு ஒரு விலை. தோலோடு உலர்த்தியதற்கு ஒரு விலை. தோல் நீக்கிய கொட்டைக்கு வேறொரு விலை. ஒரு கிலோ கொட்டை கிடைக்க ஏறத்தாழ ஆறு கிலோ பழம் வேண்டுமாகையால், இவ்விலைகளுக்கு இடையே உள்ள தொலைவு சிறிதன்று. மலையூர் மக்கள் இதனைப் பேச்சிலேயே தீர்த்துக்கொள்வர். கணிப்பொறிக்கோ திருப்பிக் கேட்கத் தெரியாது.

வணிகவியல் மாணவனாகிய நான் விடுமுறை நாட்களில் தருமபுரியில் ஒரு மொத்த வணிகருக்குக் கணக்கு எழுத உதவுகிறேன். மலையில் விளையும் காப்பி, மிளகு, சாமை ஆகியவற்றை வாங்கி விற்பவர் அவர். கடையில் பில் போட ஒரு மென்பொருள். கொள்முதலுக்கும் இருப்புக் கணக்கிற்கும் டாலி. ஒரே விலையை இரண்டிடத்திலும் எழுதுவது வீண்வேலை என்று கருதி, ஒன்றில் மாற்றினால் மற்றொன்றிலும் தானே மாறுமாறு இரண்டையும் இணைக்க விரும்பினார். விருப்பம் நல்லதே. ஆனால் இணைக்கும் முன் விலைப் பட்டியைச் செம்மை செய்யாவிடில், இரண்டு தனித்தனிப் பிழைகள் ஒரு பொதுப் பிழையாகிவிடும்.

முதலில் பெயர். கேழ்வரகு, ராகி, ஆரியம் மூன்றும் ஒன்றே என்பது நமக்குத் தெரியும். மென்பொருளுக்கு அவை மூன்று சரக்குகள். ஆகவே பெயரை நம்பாமல் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே குறியீட்டு எண்ணை இரண்டிலும் இட வேண்டும். 890 என்று தொடங்கும் 13 இலக்கப் பட்டைக்குறியீட்டை எக்செலில் எண்ணாகத் திறந்து சேமித்தால், கடைசி இலக்கங்கள் சுழியங்களாகிவிடுவதுண்டு. அந்தப் பத்தியை எழுத்தாகவே வைத்தல் நலம்.

அடுத்தது அளவு. மலையில் சாமையை வள்ளத்தாலும் படியாலும் அளப்பவர் இன்றும் உளர். இவை முகத்தல் அளவைகள். கடையிலோ கிலோ. ஒரு படி சாமையும் ஒரு படி சாமை அரிசியும் ஒரே எடை இரா. எனவே படி விலையை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் கிலோ விலையாக்குவது ஆகாது. தானியத்தை நிறுத்துப் பார்த்து, அந்த எடைக்கு விலை எழுத வேண்டும்.

வரியில் சிக்கல் இன்னும் நுட்பமானது. வறுக்காத காப்பிக் கொட்டைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. வறுத்ததற்கு 5 விழுக்காடு உண்டு. சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் சாமைக்கு வரி இல்லை. 25 கிலோ வரையுள்ள பைகளில் அடைத்துச் சீட்டு ஒட்டியதற்கு 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு. அடைத்த பையின் விலை வரியுடன் 105 ரூபாய் எனக் கொள்வோம். கடை மென்பொருளில் 105 என்றே இருக்கிறது. டாலி அதனை வரி நீங்கிய விலையாக எடுத்துக்கொண்டு, மேலும் 5 விழுக்காடு சேர்த்து 110 ரூபாய் 25 காசு என்கிறது. பையில் அச்சிட்ட அதிகபட்ச விலையோ எல்லா வரியும் உள்ளடங்கிய 105. அதற்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம்!

எல்லாவற்றிலும் நான் பெரிதாகக் கருதுவது தேதி. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வேறொரு கடையில் காப்பி போட்டபோது, முந்தைய வார விலைக்கே பணம் கொடுத்தனர். கிடங்குக் கணக்கில் புதிய விலை ஏறியிருந்தது. ஆனால் கடைக் கணிப்பொறியில் பழைய விலையோடு இருந்த அதே சரக்கை யாரோ பிறகு திறந்து சேமித்திருக்கிறார்கள். 'கடைசியாகச் சேமித்ததே சரி' என்ற விதிப்படி பழைய விலை புதியதை அழித்துவிட்டது. மறுநாள் மலையிறங்கிப் போய்க் கேட்டால், "கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது, தாத்தா" என்றார்களாம். விலை எந்நாள் முதல் செல்லும் என்ற பத்தி தனியே இருந்து, கொள்முதல் விலைக்கு டாலியே மூலம், மற்றது அதைப் படிக்க மட்டுமே உரியது என்று முன்பே வரையறுத்திருந்தால், பெரியவருக்கு இந்த நட்டம் இல்லை.

கடைசியில் காசு. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தபோது, ஓர் அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நான்குக்கு 25 என்று மாற்று அட்டவணை தந்தார்கள். ஓரணாப் பண்டத்தை நான்கு முறை தனித்தனியே வாங்கியவர் 24 பைசா கொடுத்தார்; நான்கையும் சேர்த்து வாங்கியவர் 25! அட்டவணை தவறன்று, எவ்விடத்தில் முழுமையாக்குவது என்பதில் வந்த வேறுபாடு அது. ஒரு மென்பொருள் ஒவ்வொரு வரியிலும், மற்றொன்று மொத்தத்திலும் முழுமையாக்கினால் இன்றும் அதே கதைதான். நாள் முடிவில் கணக்கு ஒத்துவராது.

இவ்வளவும் சரிபார்த்த பின்னரும் முழுப் பட்டியையும் ஒருசேர அனுப்புதல் கூடாது. இரண்டிலும் நகலெடுத்து வைத்து, இணைப்பு முடியும்வரை விலை மாற்றங்களை நிறுத்திவிட்டு, பத்துச் சரக்குகளை மட்டும் அனுப்பிப் பார்க்கலாம். சோதனைக்கு எளிய சரக்குகளைத் தேர்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்பிப் பழம், வறுத்த காப்பி, சில்லறைச் சாமை, பையிலடைத்த சாமை என்று வம்பு செய்யக்கூடியவற்றையே எங்கள் பத்தில் சேர்த்தோம். அந்தப் பத்துக்கும் இரண்டு மென்பொருள்களிலும் பில் போட்டு, காசு வரை ஒத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றை அனுப்பினோம்.