பழைய கீசரை மாத்தப் போறீங்களா? எத்தனை லிட்டர் வாங்கணும்?

ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடலோரத்தில் பல வீடுகளின் போர்வெல் தண்ணீர் உப்புதான். கீசரில் அதைச் சூடாக்கும்போது காயிலில் வெள்ளையாக உப்பு படியும். தண்ணீர் சூடேற நேரமாவதும், உள்ளே சத்தம் கேட்பதும் இதனால்தான். காயிலை மட்டும் மாற்றலாம். டேங்க் துருப்பிடித்து ஒழுகினால், புதுசுதான்.

எத்தனை லிட்டர்? 60 டிகிரியில் உள்ள 15 லிட்டர் வெந்நீரில் 28 டிகிரி தண்ணீர் 25 லிட்டர் கலந்தால், 40 டிகிரியில் 40 லிட்டர் கிடைக்கும். அதாவது 20 லிட்டர் பக்கெட்டில் 2 பக்கெட். அடுத்தடுத்து 3 பேர் குளிக்கும் வீட்டுக்கு 25 லிட்டர் போதும். அதுக்கு மேல பெரிசா வாங்கினா கரண்ட்தான் வீண்.

லிட்டரைவிட முக்கியம், டேங்குக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பி. டேங்கை அரிக்க விடாமல் அது தானே கரையும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, கரைந்திருந்தால் மாத்திடுங்க.