புகையை விடுவோர் மனம் தளரும்போது



மும்பை அணுசக்தி நகரில் வாழும் நம்மவர்க்குக் கதிர்வீச்சைப் பற்றி எடுத்துரைக்கத் தேவையில்லை. டிராம்பேயில் கதிர்வீச்சுள்ள இடங்களில் பணிபுரிவோர் மார்பில் பேட்ஜ் அணிகின்றனர். உடலில் பட்ட அளவை அது காட்டிக் கொடுக்கிறது. ஆனால் சிகரெட் புகையிலும் பொலோனியம்-210 என்னும் கதிரியக்கப் பொருள் சிறிதளவு உண்டென்று 1964-இலேயே அறிவியலார் வெளியிட்டனர். புகையிலுள்ள நஞ்சுகள் பலவற்றுள் அது ஒன்றுதான். எனினும் அதனைக் கணக்கிட நாம் பேட்ஜ் எதுவும் அணிவதில்லை!

இவையெல்லாம் அறிந்தவரும் உணவு இடைவேளையில் தீக்குச்சியைக் கிழிக்கின்றனர். இதனை அறிவுக் குறை என்று சொல்லிவிட முடியாது. நிக்கோடின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. இரத்தத்தில் அதன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய இரண்டு மணி நேரமே. ஆகவேதான் உறங்கி எழுந்ததும் வேட்கை கடுமையாகிறது. புகையை விட்டவருக்கு முதல் மூன்று நாட்கள் எரிச்சலும் உறக்கமின்மையும் மிகும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் உடலின் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும்.

மனவுறுதி குன்றுவது பெரும்பாலும் அதன் பின்னரே. முதல் வாரத்தில் வீட்டார் பாராட்டுவர். இரண்டாம் மாதத்தில் அதனைக் கேட்பார் இரார். ஊரைவிட்டு வந்த நமக்கோ இன்னொரு சங்கடமும் உண்டு. மான்கூர்டு நிலையத்தருகே தேநீர் அருந்துகையில் தமிழ் பேசும் நண்பர் ஒரு சிகரெட்டை நீட்டினால், மறுப்பது அவர் நட்பையே மறுப்பதுபோல் தோன்றுகிறது. அவரிடம் முன்னதாகவே, “நான் விட்டுவிட்டேன், எனக்குத் தராதீர்கள்” என்று சொல்லிவைப்பது நலம். தேநீரை விடவேண்டியதில்லை, ஏலக்காய் ஒன்றை வாயிலிட்டுக் கொள்ளலாம். வேட்கை ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். வாழ்நாள் முழுவதற்கும் சபதம் செய்து அஞ்சுவதைவிடக் கடிகாரத்தைப் பார்த்து அந்த நிமிடங்களைக் கடத்துவது எளிது.

ஒருநாள் தவறிவிட்டால்? எல்லாம் போயிற்றென்று முழுப் பெட்டியையும் வாங்குவோர் உளர். அது வீண் கணக்கு. நாற்பது நாள் புகையாதிருந்தவர் ஒன்றைப் புகைத்ததனால் அந்த நாற்பது நாட்களும் அழிந்துபோவதில்லை. விட்டவர்களில் பலர் ஒருமுறைக்கு மேல் முயன்றவர்களே. ஓராண்டு விலகியிருந்தால், புகையினால் கூடிய இதய நோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

பரேலில் 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை, 1962 முதல் அணுசக்தித் துறையின் பொறுப்பில் உள்ளது. அணு உலைகளை நடத்தும் துறையே புற்றுநோயாளரையும் பேணுகிறது. புகையிலையினால் நேர்ந்த கேட்டை அங்குள்ள மருத்துவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். அங்கே செல்லும் நிலை வருமுன் துணை தேடலாம். 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 2018 முதல் சிகரெட் பெட்டிகளின்மீதே அச்சிடப்படுகிறது. தமிழிலும் பேசலாம், மனக்கலக்கத்தை வேற்று மொழியில் சொல்லித் திணற வேண்டுவதில்லை. அடுத்த முறை பெட்டி கைக்கு வந்தால், திறக்குமுன் அதனைத் திருப்பி அந்த எண்ணைப் பாருங்கள்.