எக்கோ நார்மல்தானே, பிறகென்ன?

பொங்கல் விழாவில் என்னைப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "எக்கோ நார்மல் என்றீர்களே, பிறகு எதற்கு இத்தனை ஸ்கேன்?" தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

ஔந்த்தில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதாகியிருந்த வாரம் அது. பரிஹார் சௌக்கில் வாங்கிய காய்கறிப் பையோடு படியேறினேன். இரண்டாவது மாடியில் நெஞ்சின்மேல் கல்லை வைத்தாற்போல் பாரம். நின்றதும் போய்விட்டது. "வாயுவாக இருக்கும், பெருங்காயம் கரைத்துத் தருகிறேன்" என்றாள் மனைவி. மறுநாளும் அதே படி, அதே பாரம்.

முந்தின மாதத்து எக்கோ ரிப்போர்ட்டை டாக்டரிடம் நீட்டினேன். "சுவரும் கதவும் நன்றாக இருக்கின்றன. குழாயை இன்னும் பார்க்கவில்லையே" என்றார். எக்கோ ஒலி அலையால் எடுப்பது. 1953-ல் ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் தொடங்கி வைத்தது. கப்பல் தளத்தில் உலோக விரிசல் தேடும் கருவியை இரவல் வாங்கித்தான் முதலில் சோதித்தார்களாம்! இதயத்தின் வால்வு, தசை, அது ரத்தத்தை இறைக்கும் வலு எல்லாம் அதில் தெரியும். ரத்தக் குழாயின் அடைப்பு நேராகத் தெரியாது. ஓய்வில் படுத்திருக்கும்போது, குறுகிய குழாயும் போதிய ரத்தம் கொடுத்துவிடும்.

அடுத்தது சி.டி. ஆஞ்சியோ. தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ குழாய் விடுவதில்லை. கை நரம்பில் அயோடின் மருந்து ஏற்றிப் படமெடுக்கிறார்கள். அதற்குமுன் கிரியாட்டினின் பார்த்து, நாடித்துடிப்பைக் குறைக்க மாத்திரையும் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. வழக்கமான பரிசோதனையோடு இதையும் செய்துகொண்டவர்களில் ஐந்தாண்டுகளில் மாரடைப்போ அதனால் மரணமோ நேர்ந்தது 2.3 சதவீதம், செய்யாதவர்களில் 3.9. ஆனால் குழாயில் சுண்ணாம்புப் படிவு அதிகமிருந்தால், படம் அடைப்பைப் பெரிதாகக் காட்டிவிடும்.

எனக்கு அதுவே நடந்தது. ஒரு குழாயில் அடைப்பு. எவ்வளவு என்பதில் சந்தேகம். ஆகவே 'தாலியம்' ஸ்கேன். பெயர்தான் தாலியம், இப்போது பெரும்பாலும் டெக்னீஷியம். உழைப்பில் ஒரு படம், ஓய்வில் ஒரு படம். தசையில் எங்கே ரத்தம் குறைகிறது என்று அது சொல்லும். எனக்குக் குறைந்த இடம் சிறியது. மாத்திரையும் நடையும் போதும் என்றார்கள். எம்.ஆர்.ஐ.க்குக் கதிர்வீச்சு கிடையாது, பழைய தழும்பையும் நன்றாகக் காட்டும்; எனக்குத் தேவைப்படவில்லை.

இதெல்லாம் நின்றால் அடங்கும் வலிக்குத்தான். உட்கார்ந்திருக்கும்போதே வலியும் வியர்வையும் வந்தால் எந்த ஸ்கேன் என்று யோசிக்காமல், பெருங்காயமும் கரைக்காமல், நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.