மூச்சுக்குழாயில் சீழ்! கண்டுபிடிப்பது எப்படி?

குழந்தைக்கு ஜலதோஷம். இரண்டு மூன்று நாளாக இருமல். "சளிதானே, தானாகப் போய்விடும்" என்று வீட்டில் நினைக்கிறார்கள். திடீரென்று காய்ச்சல் ஏறுகிறது. இருமல் நாய் குரைப்பது போல் கேட்கிறது. மூச்சை இழுக்கும்போது சத்தம் வருகிறது.

இது மூச்சுக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தொண்டையிலிருந்து நெஞ்சுக்குள் இறங்கும் குழாயே மூச்சுக்குழாய். குழந்தைகளுக்கு அது மிகவும் குறுகலானது. கிருமி புகுந்து உட்சுவர் வீங்கினால், சீழும் தடித்த சளியும் சேர்ந்து வழியை அடைத்துவிடும். நோய் அபூர்வமானது, ஆனால் அபாயமானது.

முதலில் மூச்சு

ஆஸ்பத்திரியில் முதல் வேலை, குழந்தை மூச்சு விட வழி செய்வது. விரலில் சிறு கருவியை மாட்டி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்ப்பார்கள். இதற்கு ஊசி குத்த வேண்டியதில்லை. மூச்சு மிகவும் திணறினால் தொண்டை வழியே குழாய் செலுத்துவார்கள். அப்போது உள்ளேயிருக்கும் சளியை உறிஞ்சி, சோதனைக்கு அனுப்புவார்கள்.

சாயம் சொல்லும் சேதி

சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றுவார்கள். டென்மார்க் நாட்டு டாக்டர் கிராம் 1884-ல் வெளியிட்ட முறை இது. மைக்ராஸ்கோப்பில் சில கிருமிகள் ஊதாவாகவும், சில சிவப்பாகவும் தெரியும். இந்த நோயை அதிகமாக உண்டாக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமி, ஊதா நிறத் திராட்சைக் குலை போல இருக்கும்.

கிருமி வளர்ப்பு

மீதிச் சளியைக் கிருமிக்கு உணவான பசை நிரப்பிய தட்டில் தடவி, உடம்புச் சூட்டில் வைப்பார்கள். 1 அல்லது 2 நாளில் கிருமி புள்ளி புள்ளியாக வளரும். அதை வேறு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் அகலமான வட்டம் விழுகிறதோ, அந்த மருந்து பலிக்கும்.

ரத்தச் சோதனை

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தால், கிருமி தாக்கியதற்கு அது ஓர் அடையாளம். கூடாமலும் இருக்கலாம். ரத்தத்தையும் தட்டில் வளர்த்துப் பார்ப்பது உண்டு. பெரும்பாலும் அதில் கிருமி வளராது. அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

காத்திருக்கலாமா?

கூடாது. சோதனை முடிவு வருமுன்பே டாக்டர்கள் ஊசி மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். முடிவு வந்த பிறகு, தேவையானால் மருந்தை மாற்றுவார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுவே பாடம். "முதலில் ரத்தம் சோதித்துப் பார்ப்போம்" என்று நேரத்தைக் கடத்தக் கூடாது. குழந்தையின் வாயில் கரண்டியை விட்டுப் பார்க்கக் கூடாது. அழ வைக்கக் கூடாது. அழுதால் திணறல் அதிகமாகும். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும்.