பூட்டை மாற்றலாம், சாவியை யாரிடம் கொடுப்பது?

வீட்டுப் பூட்டை மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் பழைய சாவியின் நகல்கள் யார் யாரிடம் உள்ளன என்றே தெரியாவிட்டால்? ஒரு முறை எங்கள் ஆய்வுக்கூட அலமாரியின் பூட்டை நான் மாற்றினேன். மறுநாள் செய்முறைத் தேர்வு. உதவியாளர் பழைய சாவியுடன் வந்து நின்றார். புதுச் சாவியோ என் வீட்டு மேசையில் கிடந்தது! தேர்வு ஒரு மணி நேரம் தாமதமாயிற்று.

இதே சிக்கலை, உலகளாவிய அளவில், இணையம் 2018-ஆம் ஆண்டில் சந்தித்தது. அங்கே பூட்டும் சாவியும் இரும்பால் ஆனவை அல்ல, எண்களால் ஆனவை.

பெயரும் எண்ணும்

இணையத்தில் கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. நாம் தருவதோ பெயர். நீங்கள் ஒரு பெயரைத் தட்டியதும், அதற்குரிய எண்ணை வேறொரு கணிப்பொறி தேடித் தருகிறது. அதை ‘தேடும் கணிப்பொறி’ என்போம். இத்தகையவை உலகெங்கும் ஏராளமாக உள்ளன. இவை மேலிருந்து கீழாகப் படிப்படியாக விசாரிக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பட்டியலுக்கு ‘வேர்’ என்று பெயர்.

நடுவில் ஒருவன் புகுந்து பொய்யான எண்ணைத் தந்தால் என்ன ஆகும்? வங்கிக்குப் புறப்பட்ட நீங்கள் திருடன் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள். இதைத் தடுக்க, 2010 ஜூலை முதல் வேர்ப் பட்டியல் கையொப்பத்துடன் வெளிவருகிறது.

கணக்கால் இடும் கையொப்பம்

இக்கையொப்பம் மையால் இடுவதன்று. 53-ஐ 61-ஆல் பெருக்கினால் 3233 வரும். இது எளிது. ஆனால் 3233 எந்த இரு பகா எண்களின் பெருக்கற்பலன் என்று கேட்டால் சற்றுத் திணறுவோம். வேரின் தலைமைச் சாவியில் உள்ள பெருக்கற்பலனுக்கு 617 இலக்கங்கள்! அதைப் பகா எண்களாகப் பிரிக்க இன்றைய கணிப்பொறிகளால் இயலவில்லை.

அந்தப் பகா எண்களை அறிந்தவரே கையொப்பம் இட முடியும். அது இரகசியச் சாவி. பெருக்கற்பலனைக் கொண்டு எவரும் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். அது பொதுச் சாவி. வங்கியில் நாம் கொடுத்து வைக்கும் மாதிரிக் கையொப்பத்துக்கு இதை ஒப்பிடலாம்.

வேரின் இரகசியச் சாவியைக் காப்பது ஐகான் என்னும் அமைப்பு. அமெரிக்காவில் எல் செகுண்டோ, கல்பெப்பர் என்னும் இரண்டு ஊர்களில், பெட்டகத்துக்குள் இருக்கும் தனிக் கருவிகளில் அது உறங்குகிறது. ஒவ்வோர் ஊருக்கும் ஏழு பொறுப்பாளர்கள் உண்டு. அவர்களில் மூவரின் அட்டைகளாவது சேர்ந்தால்தான் கருவி இயங்கும்.

ஏன் மாற்ற வேண்டும்?

சாவி திருடு போகவில்லையே, பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எந்தச் சாவியையும் நெடுங்காலம் புழங்க விடுவது நல்லதன்று. மேலும், திருடு போகும் நாளில்தான் முதன்முதலாக மாற்றக் கற்றுக்கொள்வது பேராபத்து.

இரகசியச் சாவியைப் புதிதாக ஆக்குவது எளிது. மாதிரிக் கையொப்பம் உலகெங்கும் உள்ள தேடும் கணிப்பொறிகளில் கிடக்கிறதே! அவற்றின் முழுப் பட்டியல் எவரிடமும் இல்லை. பழைய மாதிரியையே வைத்திருக்கும் கணிப்பொறி, மெய்யான விடையையும் பொய் என்று தள்ளிவிடும். அதை நம்பியிருப்போருக்கு இணையமே நின்றுபோகும். இவ்வாறு சரிபார்க்கும் கணிப்பொறிகளை நம்பியிருந்தோர் 75 கோடிப் பேர் என்று 2017-இல் ஐகான் கணித்தது.

பழையது புதியதை அறிமுகம் செய்கிறது

இதற்குக் கண்ட வழி, சில காலம் இரு சாவிகளையும் சேர்த்து வைப்பது. 2017 ஜூலை 11 அன்று புதிய பொதுச் சாவி, பழைய சாவியின் கையொப்பத்துடன் வெளியிடப்பட்டது. தேடும் கணிப்பொறி அதைக் கண்டவுடன் நம்பிவிடாது. 30 நாட்கள் தொடர்ந்து கவனித்த பிறகே ஏற்கும். ஏன் இந்தக் காத்திருப்பு? பழைய சாவியைத் திருடியவன் ஒரு போலிச் சாவியை அறிமுகம் செய்தால், அதைக் கண்டுபிடித்துத் தடுக்க உரியவருக்கு அவகாசம் வேண்டுமல்லவா?

2017 அக்டோபர் 11 அன்று மாற்றுவதாகத் திட்டம். ஆனால் தம்மிடம் உள்ள சாவி எது என்பதைத் தாமே அறிவிக்கும் வசதி அப்போதுதான் சில கணிப்பொறிகளுக்கு வந்திருந்தது. அந்த அறிவிப்புகளைப் பார்த்தபோது, பழைய சாவியை மட்டுமே வைத்திருப்பவை எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. சாவியை யாரோ கையால் எழுதி வைத்துவிட்டு மறந்திருந்தால், அது தானாக மாறாது. புதிய சாவியைக் கோப்பில் எழுத அனுமதி இல்லாத கணிப்பொறியும் அப்படியே நின்றுவிடும். குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக மாற்றம் தள்ளிவைக்கப்பட்டது.

ஓராண்டு கழித்து, 2018 அக்டோபர் 11 அன்று சாவி மாறியது. பெரும் குழப்பம் ஏதுமில்லை. வேடிக்கை பிறகுதான் வந்தது. 2019 ஜனவரியில் பழைய சாவி ‘செல்லாது’ என்று குறிக்கப்பட்டதும், சாவியைக் கேட்டு வேர்க் கணிப்பொறிகளுக்கு வரும் கேள்விகள் பெருகின. மார்ச் 22 அன்று பழைய சாவியைப் பட்டியலிலிருந்தே நீக்கிய பிறகுதான் அவை தணிந்தன. எங்கோ சில கணிப்பொறிகள் பழைய சாவியை விடாமல் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டியிருக்கின்றன!

அடுத்த சாவி 2024-இல் ஆக்கப்பட்டு, 2025 ஜனவரியில் வெளியிடப்பட்டது. அது பொறுப்பேற்க 2026 அக்டோபர் 11 என்று நாள் குறிக்கப்பட்டது. இடையே ஏறத்தாழ 21 மாத அவகாசம்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாற்றம் ஓராண்டு தள்ளிப்போனதற்குக் காரணம் கணக்கில் பிழை இருந்ததன்று. மாற்றம் யாரைப் போய்ச் சேர்ந்தது, யாரைச் சேரவில்லை என்பது தெரியாமல் போனதே காரணம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது புதுச் சாவியை எல்லோரிடமும் கொடுத்து, ஒரு வாரம் கழித்தே பழைய பூட்டைக் கழற்றுகிறேன்.